சோகிப் படையும் பனங்கொட்டைப் படையும்

உங்களில் யாராவது ஒரு சீருடைக்காரருக்கும் ஒரு கிழவிக்கும் நடுவில் நின்று, "இவர் என்ன சொல்கிறார் என்றால்..." என்று தொடங்கியிருக்கிறீர்களா? இல்லையென்றால் நீங்கள் இன்னும் மொழிபெயர்ப்பாளர் ஆகவில்லை. படித்து முடித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். கோபிக்க வேண்டாம். நானும் அப்படித்தான் வந்தேன்.

குறிப்பு எடுப்பது எப்படி, குரலைப் பேணுவது எப்படி என்பதெல்லாம் உங்களுக்குப் படிப்பித்திருக்கிறார்கள். அதில் நான் கை வைக்கவில்லை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்ற மூன்றையும் மாறி மாறிச் சுமந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். வாயைத் திறப்பதா, மூடுவதா, பாதி திறப்பதா என்று முடிவெடுக்க நமக்குக் கிடைக்கும் அந்த ஒரு மூச்சு நேரத்தைப் பற்றி.

போர் முடிந்தபின் எங்கள் தீவுப் பகுதிக்கு ஆராய்ச்சியாளர்கள் வரத் தொடங்கினார்கள். வேலணையில் என் வீட்டுப் படலையடியில் வாகனம் வந்து நிற்கும். பெரிய தொப்பி, தண்ணீர்ப் போத்தல், சிரித்த முகம். கேள்வி மட்டும் எல்லோரிடமும் ஒன்றுதான். ஓர் உள்நாட்டுப் போரில் ஒரு பக்கம் ஏன் வெல்கிறது, மற்றப் பக்கம் ஏன் தோற்கிறது?

எங்கள் சனத்திடம் இதைக் கேட்டால் முதலில் "எங்களுக்கென்ன தெரியும்" என்பார்கள். அதன் பிறகு ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். கடல் யாரிடம் இருந்ததோ அவர்தான் வென்றார் என்றார் ஒருவர். பிற நாடுகள் யாருக்குக் கைகொடுத்தனவோ அவர்தான் என்றார் இன்னொருவர். தங்கள் ஆட்களைத் தாங்களே குறைத்துக்கொண்டால் தோற்காமல் என்ன செய்வது என்று ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். ஊர்காவற்றுறையில் ஓர் அம்மா, எல்லாம் சனியின் பார்வை என்று முடித்துவிட்டார். அனலைதீவில் ஒருவர், "ஆர் வெண்டது எண்டு நினைச்சுக்கொண்டு வந்தனீங்கள்?" என்று திருப்பிக் கேட்டார். அதை மொழிபெயர்த்ததும் வந்தவர் பேனையை மூடிவிட்டார்.

இவர்களுக்குள் ஒரு பேராசிரியர் வித்தியாசமானவர். குளிர் நாட்டுக்காரர், நல்ல மனிதர், பகிடி விளங்கும். சனத்திடம் அவர்களுடைய போரைப் பற்றிக் கேட்பது புண்ணைக் கிண்டுவது போன்றது என்று அவருக்குப் பட்டிருந்தது. அதனால் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்திருந்தார். கற்பனையான ஒரு நாட்டின் வரைபடத்தைப் பெரிய துணியில் அச்சிட்டு, கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார். அரசுப் படை, கிளர்ச்சிப் படை, பொதுமக்கள், வெளிநாடுகள் என்று சனம் பிரிந்து விளையாட வேண்டும். விளையாட்டு முடிந்ததும் யார் ஏன் வென்றார் என்று கதைக்கலாம். பெயர் இல்லாத நாடு, பெயர் இல்லாத போர், யாருக்கும் வில்லங்கம் இல்லை. அவருடைய எண்ணம் பிழையென்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன்.

விளையாட்டை நெடுந்தீவில் நடத்துவதென்று முடிவானது. குறிகட்டுவானில் படகு ஏறினோம். பேராசிரியர் வழி முழுக்கச் சத்தி எடுத்தார். மாவிலித்துறையில் இறங்கும்போது அலை ஒன்று வந்து படகை உலுப்பியது. துணி வரைபடம் என் கையில் இருந்ததால் தப்பியது. பிளாஸ்ரிக் சிப்பாய்கள் இருந்த பெட்டி படகுக்கும் துறைக்கும் இடையில் விழுந்து, திறந்து, இரண்டு படைகளும் ஒன்றாகக் கடலுக்குள் தாண்டுபோயின.

எங்களை வரவேற்க வந்திருந்தவர் ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தின் தலைவர். அவர் குனிந்து தண்ணீரைப் பார்த்தார்.

"அப்ப சண்டை முடிஞ்சுது தானே, தம்பி. சேரைத் தேத்தண்ணி குடிச்சிட்டு வெளிக்கிடச் சொல்லும்."

பேராசிரியர் விடுகிற ஆள் இல்லை. படைக்கு வேறு ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். அரைமணித்தியாலத்தில் ஊர் ஒரு போருக்குத் தேவையான எல்லாவற்றையும் திரட்டிக் கொடுத்தது. அரசுப் படைக்கு ஒரு சாக்குப் பனங்கொட்டை. கிளர்ச்சிப் படைக்குத் தாயம் விளையாடுகிற சோகி, அதாவது சோழி, ஒரு பேணி நிறைய. பொதுமக்களுக்குக் கரையில் பொறுக்கிய கணவாய் மீன் ஓடு. அது பாரமில்லாதது, எங்கே தட்டினாலும் அங்கே போகும் என்று தலைவரே தெரிவு செய்தார்.

பொது மண்டபத்தில் கதிரைகளை ஒதுக்கித் துணியை விரித்தோம். சனம் நிறைய வந்திருந்தது. தீவில் இருந்த கடற்படை முகாமிலிருந்து அதிகாரி ஒருவரும் பார்வையாளராக வந்து, கைபிடி உள்ள ஒரே கதிரையில் இருந்தார். தீவில் எந்தக் கூட்டம் நடந்தாலும் முகாமுக்கு அறிவிப்பது அப்போதைய வழக்கம். இளவயது, மரியாதையான ஆள். தமிழில் அவருக்கு மூன்று சொற்கள் தெரியும். வணக்கம், சாப்பிட்டாச்சா, அடையாள அட்டை.

யார் எந்தப் பக்கம் என்று பேராசிரியர் கேட்கச் சொன்னார். கேட்டேன். அரசாக இருக்க ஒருவரும் எழும்பவில்லை. கிளர்ச்சியாக இருக்க ஒருவரும் எழும்பவில்லை. பொதுமக்கள் என்றதும் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். வெளிநாடுகள் என்றேன். மண்டபம் முழுவதும் எழும்பி ஓரத்தில் இருந்த வெளிநாட்டு மேசையைச் சுற்றிக் குவிந்துவிட்டது. இரண்டு பேர்தான் இருக்கலாம் என்று பேராசிரியர் கெஞ்சினார்.

"எனக்கு மூண்டு பிள்ளையள் கனடாவிலை," என்றார் தலைவர். "நான் இல்லாமல் இஞ்சை ஆர் வெளிநாடு?"

கடைசியில் சீட்டுகளில் படைகளின் பெயரை எழுதிக் குலுக்குவது, எடுப்பவரே தளபதி என்று ஒரு வழிக்கு வந்தோம். இங்கேதான் எங்கள் ஆட்கள் மட்டுமே விடக்கூடிய ஒரு பிழை நடந்தது. எங்கள் ஊர்களில் விளக்கேற்றுவதானாலும் சரி, மாலை போடுவதானாலும் சரி, வந்திருக்கும் பெரிய மனிதருக்குத்தான் முதல் நீட்டுவோம். கை பழகிவிட்டது. தலைவர் சீட்டுப் பேணியைக் குலுக்கி, யோசிக்காமல், நேராக அதிகாரியிடம் கொண்டுபோய் நீட்டிவிட்டார். அதிகாரியும் மரியாதைக்கு ஒரு சீட்டை எடுத்து, படிக்கச் சொல்லி என்னிடம் தந்தார்.

சோகி.

"தம்பி, வேறை ஒண்டு எடுக்கச் சொல்லும், கெதியா," என்று தலைவர் என் காதுக்குள் கெஞ்சினார். அதிகாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ மேடைகளில் மொழிபெயர்த்திருக்கிறேன். அன்றைக்குச் சொன்ன அந்தச் சின்ன வசனத்தைப்போல் எதுவும் எனக்குப் பாரமாக இருந்ததில்லை. சிங்களத்தில் சொன்னேன்: "சேர், நீங்கள்தான் கிளர்ச்சிப் படைத் தலைவர்."

அவர் சீட்டைப் பார்த்தார். பேணியில் இருந்த சோகிகளைப் பார்த்தார். "என்னிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரிக்க, மண்டபமே சிரித்தது.

அதற்குமேல் சீட்டை நம்பாமல், அரசுப் படைக்குத் தளபதியாகச் சனம் சிவாவைத் தள்ளிவிட்டது. சிவா படகு எஞ்சின் திருத்துபவர். பத்தொன்பது வயதிலிருந்து போர் முடியும்வரை இயக்கத்தில் போராளியாக இருந்து, அரசின் புனர்வாழ்வு முகாமையும் முடித்து வந்தவர். அதிகம் கதைக்கமாட்டார். "அனுபவம் உள்ள ஆள்" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அவர் ஒரு சாக்குப் பனங்கொட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, அதிகாரிக்கு எதிரே சப்பாணி கட்டி இருந்தார்.

விளையாட்டுத் தொடங்குவதற்கு முன் ஒரு காரியம் நடந்தது. மகேஸ்வரி அக்கா துணிக்குக் கிட்ட வந்தார். அறுபது வயது கடந்தவர், தனி ஆள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான் அவருடையது. அவருடைய காணியும் கிணறும் முகாம் வேலிக்குள் இருந்தன. வேலிக்கு வெளியே மிஞ்சிய துண்டில் தகரக் கொட்டில் போட்டு இருந்தார். எந்த ஆணைக்குழு வந்தாலும், எந்த அதிகாரி வந்தாலும் போய் நிற்பார்.

"தம்பி, இதிலை எங்கடை பக்கம் எது?"

"அக்கா, இது எங்கடை ஊரில்லை. கற்பனை நாடு."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை," என்றார். பிறகு கிணறு ஒன்று வரைந்திருந்த கட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்து, மடியிலிருந்து ஒரு முருகைக்கல்லை எடுத்து அதன்மேல் வைத்தார். நெடுந்தீவில் காணிக்குக் காணி எல்லைச் சுவர் அந்தப் பவளக் கல்லில்தான். பேராசிரியருக்குச் சந்தோஷம். பொதுமக்கள் தரப்பில் ஒருவர் தாமாக வந்து சேர்ந்துவிட்டார் என்று கைதட்டினார்.

இனிப் போர். முதல் சுற்றுகளில் அதிகாரி எங்களை அசத்தினார். கொஞ்சச் சோகியை வைத்துக்கொண்டு எதிர்பாராத பக்கத்தால் வந்து கட்டங்களைப் பிடித்தார். சிவாவின் பனங்கொட்டைகள் பெரிதாக, மந்தமாக நின்றன. சங்கத் தலைவரைத் தன் துணைத் தளபதியாக வைத்துக்கொண்ட அதிகாரி, ஒவ்வொரு வெற்றிக்கும் அவர் முதுகில் தட்டினார். தலைவருக்கும் கண்டதே காட்சி. கனடாவை மறந்துவிட்டார்.

சிவா அவசரப்படவில்லை. முதலில் கடல் கட்டங்களில் பனங்கொட்டையை அடுக்கினார். பிறகு வெளிநாட்டு மேசையோடு கதைத்து இன்னும் ஒரு சாக்கு எடுத்தார். அந்த மேசைக்குச் சொந்தமாகப் படை இல்லை. ஆனால் சுற்றுக்கு ஒரு தரம் "கவலை தெரிவிக்கும்" உரிமை உண்டு. இரண்டு பேருக்குப் பின்னால் ஐம்பது பேர் நின்றதால், சுற்று முடியும்போதெல்லாம் "கவலை! ஆழ்ந்த கவலை!" என்று மண்டபம் அதிர்ந்தது.

சோகி குறையக் குறைய அதிகாரியின் முகம் மாறியது. பொதுமக்கள் கட்டங்களில் இருந்த கணவாய் ஓடுகளை எடுத்துத் தன் படையோடு சேர்த்தார். கேட்கவில்லை, எடுத்தார். அந்த நேரம் பார்த்துத் தலைவர் வெளிநாட்டு மேசைப் பக்கம் போய்த் தன் தங்கச்சியோடு கதைத்துவிட்டு வந்தார். மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் மீனா மரக்கறியா என்று கேட்கத்தான் போனவர். அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"இவர் அங்கே என்ன கதைத்தார் என்று கேளுங்கள்."

கேட்டேன். சாப்பாடு என்றார் தலைவர். சொன்னேன். அதிகாரி நம்பவில்லை. தலைவரைப் படையிலிருந்து நீக்கி, சோகிகளைப் பறித்துக்கொண்டார். தலைவர் துடித்துப்போனார்.

"காலமை துடங்கி இவரோடைதானே நிண்டனான்! சனத்துக்கு முன்னாலை என்னைத் துரோகி எண்டிட்டார்!" சுவர்ப் பக்கம் திரும்பி இருந்தவர், மீன் பார்சலைக்கூடத் தொடவில்லை.

அதிகாரி பேச்சுவார்த்தைக்கு ஆள் அனுப்பினார். சிவா மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "இப்ப ஏன் அண்ணை நிப்பாட்டுறது? வெல்லப்போறன் தானே." சொல்லிவிட்டுத் தன் கையில் இருந்த பனங்கொட்டையை உருட்டிப் பார்த்தார். பிறகு அதையும் வைத்தார்.

"சனம் இருக்கிற கட்டத்தில் ஏன் அடிக்கிறார் என்று அவரைக் கேளுங்கள்," என்றார் அதிகாரி. உண்மையான கோபம்.

"அவர் ஏன் சனத்துக்குள்ளை போய் நிக்கிறார்?" என்றார் சிவா. அவருக்கும் உண்மையான கோபம்.

இந்த இரண்டு வசனங்களையும் அதுவரை எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன், முதலாவதை எங்கள் பக்கத்தில், இரண்டாவதைப் படையின் பக்கத்தில். அன்றைக்குத்தான் அவற்றை ஆள் மாற்றிக் கொடுத்தேன். சிரிப்பு வந்தது, பயமாகவும் இருந்தது. இரண்டையும் ஒரு சொல்லும் குறைக்காமல் கொடுத்தேன். கணவாய் ஓடுகள் துணியின் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. கவலை மேசை கவலை தெரிவித்தது.

கடைசியில் அதிகாரியிடம் ஒரு பிடி சோகிதான் மிச்சம். விளையாட்டின் விதிப்படி தண்ணீர் இல்லாத படை அடுத்த சுற்றில் செத்துவிடும். பக்கத்தில் இருந்த ஒரே கிணறு முருகைக்கல் வைத்த கட்டம். அவர் சோகியை அங்கே நகர்த்தினார்.

மகேஸ்வரி அக்கா கல்லின்மேல் கையை வைத்தார்.

"தம்பி, இவரிட்டைச் சொல்லும். இந்தக் கிணறு ஏற்கெனவே இவரிட்டைத்தான் கிடக்கு. என்ர ஐயா வெட்டிக் கட்டின கிணறு. முகாமிலை, சமைக்கிற குசினிக்குப் பின்னாலை. நான் பவுசர் வண்டித் தண்ணிக்கு வரிசையிலை நிக்கிறன். ஒரே கிணத்தை ரெண்டு தரம் பிடிக்க ஏலாது எண்டு சொல்லும்."

பிள்ளைகளே, இவ்வளவு நேரம் கதை சொன்னது இந்த இடத்துக்காகத்தான்.

"என்ன சொல்கிறார்?" என்று ஆங்கிலத்தில் பேராசிரியர். "என்ன சொல்கிறார்?" என்று சிங்களத்தில் அதிகாரி. அக்கா என் முகத்தைப் பார்க்கிறார். "தர மறுக்கிறார்" என்று நான் சொல்லலாம். அது பொய் இல்லை. விளையாட்டுக்கும் அது போதும். அக்கா பாதுகாப்பாக வீட்டுக்குப் போவார். ஆனால் ஆணைக்குழுக்கள் எத்தனை வந்தும் நேரே அந்த அதிகாரியின் காதில் விழாத வசனம் இது. இன்னொரு பக்கம், அதிகாரி சிரித்துக்கொண்டு விளையாடுகிறார் என்பதற்காக அவர் அதிகாரி இல்லையென்று ஆகிவிடுமா? நாளைக்கு நான் படகேறிவிடுவேன். அக்கா வேலிக்குப் பக்கத்திலேயே இருக்கப் போகிறவர்.

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் ஓர் அம்மையார், வாழ்நாள் முழுக்க நீதிமன்றங்களில் மொழிபெயர்த்தவர். ஆபத்தான வசனம் வந்தால் அவர் பேசியவரின் பக்கம் திரும்பி, "அப்பிடியே சொல்லட்டோ?" என்று ஒரு தரம் கேட்பார். இரண்டாம் தரம் கேட்கமாட்டார். இரண்டாம் தரம் கேட்டால் அது கேள்வியில்லை, வெருட்டு என்பார். நம் தொழிலில் துணிச்சல் காட்டுவது சுகம், ஏனென்றால் அடி விழுவது வேறு ஆளுக்கு. அடக்கி வாசிப்பதும் சுகம், ஏனென்றால் நட்டம் வேறு ஆளுக்கு. அதனால்தான் அவர்களிடமே கேட்க வேண்டும்.

நான் திரும்பினேன். "அக்கா, அப்பிடியே சொல்லட்டோ?"

"பின்னை என்னத்துக்கு உம்மைக் கூட்டிக்கொண்டு வந்தவை?"

சொன்னேன். வசனம் அதிகாரிக்கு உரியது என்பதால் முதலில் சிங்களத்தில். குசினியையும் விடவில்லை, பவுசரையும் விடவில்லை. பிறகு ஆங்கிலத்தில். கவலை மேசை கவலை தெரிவிக்க மறந்து நின்றது. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த தலைவர்கூடத் திரும்பிவிட்டார்.

அதிகாரி அந்தக் கல்லைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, தளபதிக் குரலிலேயே, சபைக்குக் கேட்கச் சொன்னார்: "எங்கள் படை மக்களுடைய கிணற்றை எடுக்காது என்று சொல்லுங்கள். கிணறு அவருடையது." சோகிகளைப் பின்னுக்கு இழுத்தார்.

மண்டபம் கைதட்டி ஓயவில்லை. அடுத்த சுற்றில் சோகிப் படை தாகத்தால் செத்தது. சிவா வென்றார். ஒருவரும் அவருக்குக் கைதட்டவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

இனிப் பேராசிரியரின் கேள்வி. ஒரு பக்கம் ஏன் வென்றது, மற்றது ஏன் தோற்றது?

"எனக்கு நிறையப் பனங்கொட்டை இருந்தது," என்றார் சிவா. "கடலும் இருந்தது. இவ்வளவு சாமானோடை நான் தோத்திருந்தால்தான் கேக்க வேணும்."

"என்னைக் கலைச்சதாலை," என்றார் தலைவர்.

வெளிநாட்டு மேசை, தாங்கள் கவலை தெரிவித்தபடியால்தான் போர் இந்த அளவிலாவது முடிந்தது என்றது.

"கிணற்றைக் கொடுத்ததால்," என்றார் அதிகாரி, சிரித்துக்கொண்டு.

பேராசிரியர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் பேராசிரியரோடு துறைக்குப் போகும் வழியில் முகாம் வாசலில் சனம் கூடி நின்றது. நடுவில் மகேஸ்வரி அக்கா, கையில் வாளியும் கயிறும். பின்னால் சிவா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றார். காவலுக்கு நின்ற பொடியனுக்குத் தமிழ் தெரியாது. என்னைக் கண்டதும் சனம் வழி விட்டது.

"தம்பி, நல்ல நேரம் வந்தீர். இவரிட்டைச் சொல்லும், நான் தண்ணி அள்ள வந்தனான். நேற்றுத் தந்தவர் எல்லோ? ஊர் முழுக்கப் பாத்தது."

அதிகாரி வெளியே வந்தார். காலில் செருப்பு, முகத்தில் பாதி சவர நுரை. நான் சொன்னதைக் கேட்டுத் திகைத்தார். "அது விளையாட்டு என்று சொல்லுங்கள்."

"ஓம், விளையாட்டுத்தான்," என்றார் அக்கா. "எனக்கென்ன விசரே? விளையாட்டிலை இவர் தோத்தவர். தோத்த ஆள் இப்ப தரமாட்டன் எண்டு சொல்லேலாது. வெண்டது சிவா. அதாலை காலமை சிவாவிட்டைப் போய்க் கேட்டனான். தனக்கு ஆட்சேபனை இல்லையாம்."

எல்லோரும் சிவாவைப் பார்த்தார்கள். "இல்லை," என்றார் சிவா, சைக்கிள் மணியைப் பார்த்து.

இதை நான் எப்படிச் சிங்களத்தில் சொல்லி முடித்தேன் என்று கேட்காதீர்கள். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு சொன்னேன். அதிகாரி சிரிக்கத் தொடங்கினார். நுரையோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சனமும் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. வாளியைக் கீழே வைக்கவும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு அடங்கியது.

"காணியை விடுவது என் கையில் இல்லை," என்றார் அதிகாரி மெதுவாக. "அது மேலிடத்து முடிவு. அதைச் சரியாகச் சொல்லுங்கள்." சொன்னேன். "காணியை நான் கேக்கேல்லையே," என்றார் அக்கா, "தண்ணியைத்தானே கேட்டனான்." அதையும் சொன்னேன். அதிகாரி காவலுக்கு நின்றவரைப் பார்த்துத் தலையசைத்தார். படலை திறந்தது. மொழி தேவைப்படும் என்று என்னையும் உள்ளே விட்டார்கள்.

குசினிக்குப் பின்னால் கிணறு இருந்தது. முருகைக்கல் கட்டுக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். மேலே மோட்டர் பூட்டியிருந்தது. பக்கத்தில், தண்ணீரைச் சிக்கனமாகப் பாவிக்கவும் என்று சிங்களத்தில் ஒரு பலகை. அக்கா கட்டில் கையை வைத்து வெள்ளைப் பூச்சைத் தடவினார். வாளியை இறக்கினார். பழகிய கை, ஒரே இழுவையில் நிரம்பி வந்தது. குனிந்து உள்ளங்கையில் ஏந்திக் குடித்தார்.

அவருடைய முகம் மாறவில்லை. குரல் மட்டும் தாழ்ந்தது.

"உப்புத் தம்பி. மோட்டர் வைச்சு இறைச்சு இறைச்சுக் கடலை உள்ளை கொண்டந்திட்டினம்."

எங்கள் தீவுகளில் நல்ல தண்ணீர் மெல்லிய ஏடாகத்தான் உப்புநீருக்கு மேலே நிற்கும். கையால் அள்ளினால் தலைமுறைக்கும் கிடக்கும். உறிஞ்சினால் கடல் ஏறிவிடும். ஏறின கடல் இலேசில் திரும்பிப் போகாது.

"தண்ணீர் எப்படியாம்?" என்று அதிகாரி கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் கையைப் பிடித்தார். "நல்ல தண்ணி எண்டு சொல்லும். உப்பெண்டு தெரிஞ்சால், பிறகேன் வாறாய் எண்டு கேட்டுப் படலையைப் பூட்டிப்போடுவினம்."

அதிகாரியிடம் திரும்பினேன். "நல்ல தண்ணீராம், சேர்."

குசினிச் சுவரோடு, முகாம் ஆட்கள் குடிப்பதற்காகக் கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தல்கள் தோள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. அதிகாரி அந்தப் போத்தல்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்க்கவில்லை.

"அப்படியென்றால் நாளைக்கும் வரச் சொல்லுங்கள்," என்றார்.

அதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். அக்கா "ஓம்" என்றார். வாளியைத் தூக்கி இடுப்பில் வைத்து, ஒரு துளியும் சிந்தாமல் வீட்டுக்கு நடந்தார்.